பூட்டி வைத்த பாணி மருந்து

பள்ளிமுனை றஞ்சிதத்தைப் பற்றி நல்லது சொல்ல மன்னாரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்க்கிற தாதி அவள். ஸ்கூட்டியில் நறுவிலிக்குளம் வரைக்கும் போவாள். புண் கழுவுவாள், தாய்க்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள், தகப்பனைத் திட்டுவாள். நானும் தாதிதான், இருபது வருடம் அவளோடு வேலை செய்தவள். நான் அவளுடைய பிழையைச் சொல்லப்போகிறேன். புகழ்கிறவர்கள் அதை விழுங்கிவிடுகிறார்கள், எனக்கு அது எரிச்சலாக இருக்கிறது.

தாராபுரத்து அஸ்னாவுக்கு ஒன்பது வயது. தொடை எலும்பில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நோவு மட்டும்தான். துணி பட்டாலும் கத்துவாள். அதை அடக்க டொக்டர் மோர்பின் பாணி, குடிக்கிற மருந்து, எழுதிக் கொடுத்தார். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கொடுத்தால் பிள்ளை எழும்பி இருந்து கதைக்கும், சோறு தின்னும்.

தகப்பன் சனூன் போத்தலை வாசலிலேயே மறித்தான். அவன் கடலுக்குப் போகிறவன். எங்கள் கரையில் போதைத் தூள் இறங்குகிற கதை ஊருக்கே தெரியும். நேவி அவனுடைய வள்ளத்தைக் கிழமைக்கு இரண்டு தரம் கிண்டும். அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டைப் பொலிஸ் புரட்டிப்போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“மோர்பின் எண்டா போதைதானே மிஸ்ஸி? ஊர் என்னைத் தூள்காரன் எண்டு சொல்லும். நான் எந்த முகத்தோட பள்ளிவாசலுக்குப் போறது?”

றஞ்சிதம் மூன்று நாள் அவனோடு மல்லுக்கட்டினாள். அந்த மூன்று நாளும் பிள்ளை கத்தியது. நாலாம் நாள் விட்டுக்கொடுத்தாள்.

“சரி தம்பி, ஒருத்தருக்கும் தெரியவேண்டாம். அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ. அஸீபா மட்டும் எடுத்துக் குடுக்கட்டும்.”

அஸீபா தாய். வயிற்றில் ஏழு மாதம். அலுமாரித் திறப்பை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு றஞ்சிதம் கட்டிலில் குந்தி அஸ்னாவின் கையைப் பிடித்தாள்.

“இந்த மருந்தைப் பற்றி வாய் திறக்கப்படாது. பக்கத்து வீட்டு மாமிக்கும் சொல்லப்படாது. சொன்னா வாப்பாவைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போயிடும். விளங்கிச்சோ?”

பிள்ளை தலையாட்டியது. டொக்டர் எழுதிய துண்டு இருக்கிற மருந்துக்கு ஒருவரையும் பிடிக்கமாட்டார்கள் என்று றஞ்சிதத்துக்கு நன்றாகத் தெரியும். தன் வேலை சுகமாக முடியவேண்டும் என்று அந்தப் பொய்யைச் சொன்னாள்.

மூன்று கிழமை நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மருந்து கொடுக்கிற நேரத்தில், அஸீபா இரத்தம் போய் மயங்கி விழுந்தாள். அம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது. திறப்பும் அவள் கழுத்தோடு போனது. சனூன் கடலில். பக்கத்து வீட்டிலிருந்த அவனுடைய தங்கை றாபியா பிள்ளைக்குத் துணையாக ஓடி வந்தாள்.

றாபியாவுக்குத் தெரிந்தது பனடோல். இரண்டு கொடுத்தாள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் பார்த்தாள், பிள்ளை தொடவே விடவில்லை. றஞ்சிதத்தின் நம்பர் அஸீபாவின் போனில் இருந்தது, போன் அஸீபாவோடு போய்விட்டது. பிள்ளை மௌத்தாகப் போகிறது என்றே நினைத்துவிட்டாள், பாவம். பக்கத்தில் இருந்து குர்ஆனில் யாஸீன் ஓதத் தொடங்கினாள். அது சாகப் போகிறவர்களுக்கு ஓதுவது என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? “என்னம்மா வேணும், மாமிக்குச் சொல்லு” என்று அவள் கேட்ட போதெல்லாம் அஸ்னா அலுமாரியைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

நாலு மணிக்கு வழமைபோல றஞ்சிதம் வந்தாள். சத்தம் ஒழுங்கை முனையிலேயே கேட்டது. வேலியோரம் கிடந்த அலவாங்கை எடுத்து அலுமாரிக் கதவை நெம்பி உடைத்தாள். அவசரத்தில் முதல் கரண்டி சிந்திப்போனது. அரை மணித்தியாலம் கழித்துத்தான் பிள்ளைக்குக் கதைக்க முடிந்தது. கடித்துக் கடித்துக் கீழ் உதடு கிழிந்திருந்தது.

“மாமி கேட்டவ. நான் சொல்லேல்லை மிஸ்ஸி. வாப்பாவைப் பிடிக்கமாட்டாங்கள்தானே?”

றாபியா ஈரத்துணியால் பிள்ளையின் உதட்டைத் துடைத்தாள்.

“மாட்டாங்கள்,” என்றாள் றஞ்சிதம். “நீ கெட்டிக்காரி.”

அதற்குப் பிறகு அஸ்னா பதினொரு நாள் இருந்தாள். அஸீபா வயிற்றுப் பிள்ளையோடு தப்பி வீடு வந்து சேர்ந்தாள். போத்தல் எல்லோரும் பார்க்க மேசையில் இருந்தது, சனூனே ஊற்றிக் கொடுத்தான். ஊரில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒருவரும்! இந்த ஊருக்குப் பயந்துதான் அந்தப் பிள்ளையை வதைத்தார்கள். அஸ்னா நோவில்லாமல், நித்திரையிலேயே போனாள்.

அந்தப் பதினொரு நாளைச் சொல்லித்தான் எல்லோரும் றஞ்சிதத்தைத் தேற்றுகிறார்கள். நானும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

“பதினொரு நாளை எனக்குச் சொல்லாத. அந்தப் பிள்ளை ஆறு மணித்தியாலம் என்ர சொல்லைக் காப்பாத்தினது. அதுக்கு நான் அவளைக் கெட்டிக்காரி எண்டு சொன்னனான்.”