நடுவில் ஒரு குழி

வடசென்னை கல்மண்டபத்தில் லாரிக்கும் ஆட்டோவுக்கும் சீட் தைக்கிற கடை என்னுடையது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வருகிறவர் மெத்தையின் நடுவில்தான் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்ப்பார். அமுங்கினால் பேசாமல் நடையைக் கட்டிவிடுவார். அதனால் நடுவை மேடாக வைத்துத்தான் எல்லோரும் தைப்போம்.

என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, வால் எலும்பு வலிக்கிறது என்று வருவார். உடனே நடுவில் இன்னொரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துக் கொடுப்பேன். இருபது வருடம் இதே கதை. எத்தனை திணித்தாலும் வலி குறையவில்லையே என்ற ஆத்திரத்தில் ஒருநாள் நடு ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். வால் எலும்பு படுகிற இடத்தில் குழியும், தொடைக்குக் கீழே மேடுமாகத் தைத்தேன். மறுநாள் அவர் வலியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த மெத்தைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தேன். ஒரு பெரிய சீட் கம்பெனி எதிர்த்தது. தொழில் தெரிந்த யாருக்கும் தானாகவே தோன்றக்கூடிய விஷயம்தானாம் இது; அப்படிப்பட்டதற்குக் காப்புரிமை கிடையாதாம். அவர்களே அதே குழியோடு மெத்தை விற்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றால் என் மெத்தை அவர்கள் சரக்காக ஊரெல்லாம் போகும், நான் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

காப்புரிமை அலுவலக விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று என் வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதிகாரி, எத்தனை வருடமாகத் தைக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்.

"இருவது வர்சம் சார். வூட்டுக்காரரு வலிக்குதுன்னு சொல்லச் சொல்ல, மேல மேல ஸ்பாஞ்சத்தான் திணிச்சேன். தொழில் தெரிஞ்ச எனுக்கே தோணல."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் வந்த உத்தரவில் அந்தப் பதில்தான் இருந்தது. வீட்டிலேயே வலியை வைத்துக்கொண்டு, இருபது வருடம் தொழில் செய்தவருக்கே தோன்றாத ஒன்றை யாருக்கும் தானாகத் தோன்றும் என்று சொல்ல முடியாதாம். காப்புரிமை எனக்குத்தான். அப்பாடா என்று தையல் மிஷின் மேலேயே தலையைச் சாய்த்தேன்.

துறைமுக வரிசையில் நின்றிருந்த கணவருக்குப் போன் போட்டு, உத்தரவில் இருந்ததைச் சொன்னேன்.

"அப்போ இருவது வர்சம் நா வலியோட குந்திகினு இருந்ததுதான் சாட்சியா?"

ஆமாம், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"வுடு மே," என்றார். "இப்போதான் வலிக்கலயே."