இரண்டாம் பாகத்தில் பலம் திரும்ப வேண்டுமா

எங்கள் மலையில் தியேட்டர் கிடையாது. புதுப் படம் பார்க்க வேண்டுமானால் ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கும் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். திரும்பி வரும் வழியில் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. கடைசி வண்டியும் மேலே வந்து, ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் என் மருந்துக்கடைக்குப் பக்கத்து டீக்கடையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிப் பேசினால் விழுந்துவிடுவோம் என்று அவர்களே யோசித்துச் செய்துகொண்ட ஏற்பாடு. கேள்விப்பட்டபோது எனக்கும் நல்லதாகவே பட்டது. பேசாமல் இருக்க முடியாத பிள்ளைகள் பேசுவதற்காகவே வேகமாக மேலே வரப் பார்ப்பார்கள் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

என் மகள் விழுந்தது அப்படித்தான். போன வருடக் கோடையில், ஒரு சூப்பர் ஹீரோ படம் பார்த்துவிட்டுத் தோழியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் மலை ஏறி வந்தாள். மற்ற வண்டிகள் முன்னால் போய்விட்டன. தான் போவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடுமே என்ற அவசரம். மழை அரித்துக் கொண்டுவந்து போட்டிருந்த மணல் ஒரு வளைவில் கிடந்தது. வண்டி சறுக்கி, ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. தோழிக்குச் சிராய்ப்பு மட்டும். என் மகளுக்குக் காறை எலும்பு முறிந்தது. அந்தச் சுவர் என் இடுப்பளவுகூட இல்லை. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மறுநாள் போய் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

எலும்பு கூடிவிட்டது. எனக்குத்தான் இன்னும் கூடவில்லை. போன் அடித்தால் எழுந்து நிற்கிறேன். மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுகூட எழுந்து நிற்கிறேன்.

நான் ஒடுகத்தூர்க்காரன். பார்மசி படித்துவிட்டு, மலைமேல் நல்ல மருந்துக்கடை இல்லை என்று கேள்விப்பட்டு வந்தவன். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தாள். வேதியியல் பட்டம் முடித்த கையோடு, வாணியம்பாடிப் பக்கம் தோலைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு லேப்பில் அவளுக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கம்பெனி வேன் காலையில் ஆலங்காயத்துக்கு வரும். ஆனால் மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ், வேன் போன பிறகுதான் அங்கே போய்ச் சேரும். ஆக, ஆலங்காயம் வரை சொந்த வண்டியில்தான் போக வேண்டும். அதே பாதை, அதே வளைவு.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உப்புமாவில் உப்பு குறைந்தாலே அரை மணி நேரம் வாதாடுகிறவள் அவள். லேப்பிலிருந்து, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவள் பதிலும் சொல்லவில்லை, என்னிடம் மறுபடி கேட்கவும் இல்லை. யார் விசாரித்தாலும், "அப்பா வேணான்ட்டாரு" என்றாள். என் மனைவி மட்டும் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்துக்குப் போஸ்டர் வந்தது.

நானும் முதல் பாகத்தை மகளின் போனில் பார்த்திருந்தேன். எலும்பு கூடும்வரை அவள் கட்டிலில் கிடந்தபோது அவளுக்குத் துணையாக உட்கார்ந்து பார்த்தது. கதாநாயகன் ஒரு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். எவ்வளவு பாரமானாலும் அவன் கைக்கு அது பஞ்சு. கடைசியில் இடிந்து விழும் பாலம் ஒன்றைத் தோள்கொடுத்துத் தாங்குகிறான். மாட்டிக்கொண்ட பஸ்கள் எல்லாம் தாண்டியதும் அவன் பலம் போய்விடுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க முடியாமல் அவன் கை நடுங்குவதோடு படம் முடிகிறது. புதுப் போஸ்டரில் அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறான். கைகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. டீக்கடையில் அடித்துக்கொள்ள அது போதாதா.

சனிக்கிழமை மத்தியானம். மழை பெய்து கரண்ட் போயிருந்தது. நான் கடைக்குள் காலாவதியான மருந்துகளைப் பிரித்து அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். டீக்கடைக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரத் தடுப்புதான். டீக்கடையில் பேசுவது அத்தனையும் கேட்கும்.

வாடகை ஜீப் ஓட்டும் தம்பிதான் முதலில் ஆரம்பித்தான். அவனுக்கு முப்பது வயதுக்கு மேல். ஜீப்பின் முன்கண்ணாடியில் கதாநாயகன் படம் ஒட்டியிருக்கிறான்.

"இன்டர்வலுக்கு முன்னாடி பவரு திரும்பிடணும். ஒரு கையால லாரியத் தூக்கி வீசறான். தியேட்டர் கிழியும். அதுக்கு மேல இன்னா வேணும்?"

"அதான் மொத பார்ட்டுலயே பாத்துட்டமே ண்ணா" என்றான் வாணியம்பாடியிலிருந்து வாரா வாரம் வேனில் பிஸ்கட்டும் சிப்ஸும் கொண்டுவந்து கடைகளுக்குப் போடும் பையன். எல்லோருக்கும் அவன் பாய்தான். "அதயே திருப்பிக் காட்டறதுக்கு ரெண்டாவது பார்ட்டு எதுக்கு? நான் சொல்றேன் பாரு, பவரு காணாமப் போவல. வில்லனுக்குப் போய்ட்டுது."

"வில்லனுக்கா? டேய் பாய், மொதல்ல வேன எடுத்துக்கினு கெளம்பு. உன்ன இந்த மலைக்கே வுடக்கூடாது."

"நான் வரலைன்னா டீக்கு பிஸ்கட்டு இல்ல ராஜா. நெனப்புல வெச்சுக்கோ."

"ரெண்டு பேரும் டீயக் குடிங்கப்பா, ஆறிப்போவுது" என்றது டீக்கடை அம்மா. "அந்த மன்சன் டம்ளரத் தூக்க முடியாம நின்னானே, அதப் பாத்துட்டு எனக்கு ராத்திரி சோறு எறங்கல. யாராவது ஒருத்தி அத எடுத்து அவன் வாயில வெக்கிற மாதிரி ஒரு சீன் வெச்சாப் போதும் எனக்கு."

"அக்கா, இது சூப்பர் ஹீரோ படம்க்கா. சீரியல் இல்ல" என்றான் பாய்.

"சூப்பர் ஹீரோன்னா தாகம் எடுக்காதா அவனுக்கு?"

சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் என் மகள் குரல் கேட்டது. அவளும் அங்கே இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யாருமே சரியாச் சொல்லல" என்றாள்.

"அப்ப நீ சொல்லு தங்கச்சி. டைரக்டரம்மா பேசறாங்க, எல்லாரும் கேளுங்க."

"கிண்டல் பண்ணாதீங்க ண்ணா. பவரு ஏற்கெனவே திரும்பி வந்துடுச்சு. படம் ஆரம்பிக்கும்போதே கைல கீது. ஆனா அவனுக்கே தெரியாது."

"அதெப்படித் தெரியாமப் போவும்?"

"தூக்கிப் பாத்தாத்தானே தெரியும். அவன் தூக்கிப் பாக்கறதே இல்ல. மூட்டையப் பாத்தாலே ஒதுங்கிப் போய்டறான்."

"ஏன்?"

"பயம்."

"பயப்படற ஹீரோவ எவன் பாப்பான்?" என்று ஜீப் தம்பி சத்தம் போட்டான். "பாலத்தையே தாங்கனவன். அவனுக்கு இன்னா பயம்?"

"பாலத்தத் தாங்கனவனுக்குத்தான் ண்ணா அது எவ்ளோ கனம்னு தெரியும். உங்களுக்கா தெரியும்?"

பாய்தான் கேட்டான், "ஊர்ல கேக்க மாட்டாங்களா? ஏன்டா தூக்கலன்னு?"

"கேப்பாங்க. வூட்டுல வேணான்ட்டாங்கன்னு சொல்லிடுவான். வூட்டுல நெஜமாவே வேணான்னுதான் சொல்லியிருப்பாங்க. அதனால பொய்யும் இல்ல. அவங்க வேணான்னது அவனுக்கு வசதியாப் போச்சு. யாருக்கும் தெரியாம நிம்மதியா இருக்கான்."

என் கையில் ஒரு இருமல் மருந்துப் பாட்டில் இருந்தது. அதன் தேதியைப் படித்தேன். மறுபடி படித்தேன். அந்த எண்கள் மனதில் ஏறவே இல்லை.

நான் அவளைத் தடுத்துவைத்திருக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள், அதை அடக்கிக்கொண்டிருக்கிறாள், ஒரு நாள் வெடிப்பாள், வெடித்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் பயந்துபோயிருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் பயம் எங்கள் வீட்டில் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவள் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தாள்.

எழுந்து டீக்கடைப் பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் போஸ்டர் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்போ ரெண்டாவது பாகத்துல அந்த வூட்டுக்காரங்க என்னம்மா செய்யணும்?" என்று கேட்டேன்.

"சாருக்கு ரோல் வேணுமாம்டோய்" என்றான் ஜீப் தம்பி. பாய் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணான்னு சொல்றத நிறுத்தணும்" என்றாள் மெதுவாக. "அப்பறம் அவனுக்குச் சொல்றதுக்கு ஒன்னும் இருக்காது."

"அப்பவும் தூக்கலன்னா?" என்று டீக்கடை அம்மா கேட்டது.

"தூக்கலன்னா தூக்கல. ஆனா அது அவன் முடிவு. வூட்டு மேல பழி போட முடியாது."

"போம்மா" என்றான் ஜீப் தம்பி. "இந்தப் படம் ரெண்டு நாள்கூட ஓடாது."

அன்று சாயங்காலம் வீட்டில், நான் வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சந்தோஷப்படுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"இப்ப எதுக்கு சொல்றீங்க? திங்கக்கெழமைக்கு அப்பறம் சொல்லக்கூடாதா?"

"திங்கக்கெழமைக்கு அப்பறம் சொன்னா என்ன பிரயோசனம்?"

"அதுக்குத்தான் கேக்கறேன்" என்றவள் அழ ஆரம்பித்தாள். விழுந்த அன்று ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை. என் மனைவி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸில் போகும்போதுகூட அந்த வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வதாக அவளே சொன்னாள். ஜன்னல் சீட்டில் உட்காருவதை நிறுத்தி எத்தனையோ மாதம் ஆகிறதாம். எனக்கும் அந்த இடத்தில் அப்படித்தான் என்றேன். "உங்களுக்கு எல்லா எடத்துலயும் அப்படித்தான்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறிய பிறகு, ஸ்கூட்டியை வெளியே எடுத்தாள். "ஆலங்காயம் வரைக்கும் போய்ப் பாக்கறேன். நீங்க பின்னாடி ஒக்காருங்க" என்றாள். "ஆனா ஒன்னும் பேசக்கூடாது."

நான் பேசவில்லை. பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் சீட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்தாள். இறங்கும்போது நாங்கள் மலைச்சரிவின் பக்கமாகவே போனதால் அந்தச் சுவர் எதிர்ப்பக்கம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் பார்த்தேன். மோதிய இடத்தில் சிமெண்டு பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

ஆலங்காயம் பஸ் நிலையத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு இறங்கினாள். அவள் உள்ளங்கைகள் வேர்த்திருந்தன, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். ஆளுக்கொரு டீ குடித்தோம். பிறகு, "அப்பா, நீங்க பஸ்ல வாங்க" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"எறங்கறதுல எனக்கு ஒன்னும் ஆவல. ஏறும்போதுதானே விழுந்தேன். நீங்க பின்னாடி இருந்தா நீங்கதான் என்னக் கூட்டிக்கினு போற மாதிரி இருக்கு."

வேண்டாம் என்ற சொல் என் வாய்வரை வந்தது. வந்ததை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது. "பஸ்ஸு கெளம்பும்போது நீயும் கெளம்பு" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, பஸ் கிளம்புவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாள்.

டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கடலைக்காய் மூட்டைகளும், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்களுமாகப் பஸ் நிறைந்திருந்தது. அடிவாரம் தாண்டி முதல் ஏற்றத்திலேயே அவளைப் பிடித்துவிட்டோம். ஓரமாக, மிகவும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். முந்திப் போக அந்தப் பாதையில் இடம் கிடையாது. வளைவில் மறைந்தாள், நாங்கள் திரும்பியதும் தெரிந்தாள். மறுபடி மறைந்தாள். மறையும்போதெல்லாம் நான் முன்கம்பியைப் பிடித்து எழுந்தேன். கண்டக்டர் இரண்டு முறை, "ஒக்காருங்க பெரியவரே" என்றார்.

அந்த வளைவு வந்தது. சுவர் இப்போது அவள் பக்கம் இருந்தது. அங்கே அவள் இன்னும் வேகத்தைக் குறைத்தாள். இரண்டு கால்களையும் தரையில் தேய்த்தபடி, குழந்தை சைக்கிள் பழகுவதுபோல நகர்ந்தாள். பஸ் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. டிரைவர் ஹாரன்மேல் கையை வைத்து அழுத்தினார்.

"யாருய்யா அது, ஆமை மாதிரி?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வண்டி ஓட்டத் தெரியலன்னா வூட்டுல கெடக்க வேண்டியதுதானே?"

"என் பொண்ணுங்க" என்றேன். "அவ அப்படித்தான் போவா. கொஞ்சம் பொறுங்க."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, கியரைக் குறைத்து அவள் பின்னாலேயே வந்தார். நான் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.