கடல் பக்கத்து ஜன்னல்

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் கல்யாணம். சாப்பாடு நிறைய மிஞ்சிவிட்டது.

கல்யாணத்தில் சாப்பாடு பத்தாமல் போனால் ஊரே பேசும். மிஞ்சினால் யாரும் வாய் திறப்பதில்லை. ஏன் மிஞ்சியது என்று எல்லாருக்கும் தெரியும்... அதனால்தான்.

கடலோரத்தில் கல்யாணம் வைத்தோம். அதுதான் விஷயம்.

பெண் பெயர் விஜயா. பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபேக்டரி வேலை. நான் ஓட்டுகிற ஃபேக்டரி பஸ்ஸில்தான் போய் வருவாள். அதிகம் பேச மாட்டாள். எங்கள் குடும்பமே அப்படித்தான். மாப்பிள்ளை குமரேசன் அதே ஃபேக்டரியில் டெக்னிஷியன். தீவுக்கு எதிர்க்கரையில் கெப்பாலா பத்தாஸ் பக்கம் வீடு. நல்ல மாதிரி.

பேசி முடித்ததும் எல்லாரும் ஆயர் ஈத்தாம் கோயில் மண்டபம் என்றார்கள். விஜயா மட்டும் வேண்டாம் என்றாள்.

“கடல் தெரியணும் மாமா.”

“எதுக்கு?”

“அப்பா அங்கதானே இருக்காரு.”



அவள் அப்பா தொங்காங்கில் வேலை செய்தவர். கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டு வருகிற பெரிய படகு அது. ஒரு மழை நாளில் கப்பலுக்கும் தொங்காங்குக்கும் நடுவில் விழுந்தார். விஜயா அப்போது சின்னப் பள்ளிக்கூடம். உயிரைக் கடல்தான் எடுத்தது. சாம்பலையும் கடலிலேயே கரைத்தோம். வேறு எங்கே கொண்டுபோவது?

சரி, அக்கா, விஜயா, நான் மூன்று பேரும் மண்டபம் தேடினோம். தீவில் இருக்கிறோம். நாலு பக்கமும் கடல். இது ஒரு பெரிய வேலையா?

பெரிய வேலைதான்.

முதலில் பத்து ஃபிரிங்கியில் ஒரு ஹோட்டல். கோட் போட்ட மேனேஜர். நல்ல ஏர்கோன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் படம் மாதிரி இருந்தது. ஓமம் வளர்க்கலாமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நெருப்பு என்றேன். முகம் மாறிவிட்டது. கார்பெட்டாம். புகை பட்டால் மேலே மணி அடிக்குமாம். கேக்கில் மெழுகுவர்த்தி கொளுத்தலாம், அது ஓகே என்றார்.

அக்கினி சாட்சிக்குப் பதில் கேக் சாட்சியா?

அவர் வாடகையாகச் சொன்ன வெள்ளிக்கு என் பஸ்ஸை விற்றாலும் பத்தாது. அந்த பஸ்ஸும் என்னுடையது இல்லை.

அடுத்தது ஒரு சீனர் சாப்பாட்டுக் கடை. தண்ணீரில் கால் நட்டுக் கட்டியது. கடை முதலாளி, தவுக்கே, தங்கமான மனுஷன். எதைக் கேட்டாலும் “போலே, போலே” — முடியும், முடியும். நெருப்பு? போலே. மேளம்? போலே. வாசலில் வாழை மரம்? போலே. ஆனால் மேடை போடுகிற இடத்துக்குக் கீழேயே நண்டுக் கூடை. பக்கத்துக் கொக்கியில் பன்றி தொங்குகிறது.

“தாலி கட்டுற நேரத்துல நண்டு காலப் புடிக்குமா தம்பி?” என்று அக்கா கேட்டாள்.

அக்கா ஜோக் அடித்து வருஷக் கணக்கு ஆகிறது. மூன்று பேரும் சிரித்தோம். அதோடு சரி.

மூன்றாவதாக ஒரு பழைய கிளப் மண்டபம். கூட வேலை செய்கிற டிரைவர் ஒருவர் சொன்னார். விஜயாவும் நானும் மட்டும் போனோம். மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு வயசான சீனர். வாடகையைச் சொன்னார். நான் மறுபடியும் கேட்டேன். அவ்வளவு குறைவு.

உள்ளே ஒரு பக்கச் சுவர் முழுக்க ஜன்னல். விஜயா ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் கடல். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். அது எப்போதும் வருகிற சாமான் இல்லை.

நான் வெளியே போனேன். கேட் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அடியில் உடைந்த சிமெண்டுத் தொட்டி. அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தக் குழாய் எனக்குத் தெரியும். சாம்பலைக் கரைத்துவிட்டு அதில்தான் தலை முழுகினோம். அன்றைக்கு மணல் வழியாக வந்தோம். மண்டபத்தை யார் பார்த்தது?

சீனர் பின்னாலேயே வந்தார். மலாயில் சொன்னார். “உங்க ஆளுங்க காலையில வருவாங்க. பூவு, சோறு எல்லாம் தண்ணியில விடுவாங்க. குளிச்சிட்டுப் போவாங்க. கல்யாணத்துக்கு ஒருத்தனும் கேட்டதில்ல. ஏன் லா?”

வாடகை ஏன் குறைவு என்று அப்போது புரிந்தது.

உள்ளே போய் விஜயாவிடம் சொன்னேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

“இங்கதான் உங்கப்பாவக் கரைச்சோம்.”

ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடி நின்றாள். “எந்த எடத்துல?”

கையைக் காட்டினேன். அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இங்கதான் மாமா.”

“ஊரு என்ன சொல்லும் தெரியுமா?”

“சொல்லட்டும் லா.”

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

“எந்த எடம்னு இத்தன வருஷமா எனக்கு யாரும் சொல்லல தம்பி.”

திட்டியிருந்தால் தேவலை.

யோசித்துப் பாருங்கள். கடலுக்கு நாம் ஆம்பிளைகள்தான் போகிறோம். பெண்களுக்கு வீடு கழுவுகிற வேலை. புருஷனை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல நமக்குத் தோன்றுவதே இல்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். ஃபெரி ஏறிப் போனேன். மறைக்கலாமே என்று கேட்பீர்கள். கருமாதி செய்கிற கரையைத் தமிழனிடம் மறைக்க முடியுமா? கார்டு கைக்குப் போன அன்றே தெரிந்துவிடும்.

சம்பந்தி அம்மா டீ கொடுத்தார். சொன்னேன்.

“அண்ணே, பினாங்குல வேற எடமே கெடைக்கலியா? சுடுகாட்டுல கேட்டுப் பாத்தீங்களா? இன்னும் சீப்பா இருக்கும்.”

நான் டீயைக் குடித்தேன்.

“பொண்ணு வாழ வர்றாளா, கருமாதிக்கு வர்றாளா? செத்தவங்களப் பக்கத்துல வச்சிக்கிட்டு எவனாச்சும் தாலி கட்டுவானா?”

“நான் கட்டுவேன்மா” என்றார் குமரேசன்.

“நீ சும்மா இரு லா! தாலி கட்டுற வரைக்கும் நீ என் புள்ள.”

சம்பந்தி அம்மாவின் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரை அதை இறக்கவே இல்லை. கெட்டிக்காரர்.

கல்யாணம் நின்றுவிடும் என்றே நினைத்தேன். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே மகன். பயம் யாருக்குத்தான் இல்லை? கடைசியில் அவரே சொன்னார்.

“சரி. வர்றோம். ஆனா கடல் பக்கத்து ஜன்னல் எல்லாத்தையும் மூடணும். ஒண்ணு தொறந்திருந்தாலும் பையனக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். சொல்லிப்புட்டேன்.”

மறுநாள் பஸ்ஸில் விஜயாவிடம் சொன்னேன். படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள்.

“மூடட்டும் மாமா. பின்னால கதவு இருக்குல்ல?”

கடல் தெரிய வேண்டும் என்று இத்தனை இடம் அலைந்து, கடைசியில் ஜன்னலையெல்லாம் மூடிவிட்டுக் கல்யாணம் செய்தோம். இப்படி ஒரு கூத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஒரே புழுக்கம். ஓமப் புகை வெளியே போக வழியில்லை. எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். அதில் அழுதவர் யார், புகை பட்டவர் யார் என்று சொல்ல முடியாது. ஐயர் மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினார். நானும் என் வீட்டுக்காரியும் தாரை வார்த்தோம். அக்கா மேடைக்கு வரவில்லை. வரக் கூடாதாம். கடைசி வரிசையில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்.

பாதி நாற்காலி காலி.

வந்தவர்களும் வேகமாகச் சாப்பிட்டார்கள். வேகமாக எழுந்தார்கள். ஒருவர்கூட என்னிடம் “போயிட்டு வரேன்” என்று சொல்லவில்லை. முதலில் எனக்கு உறைக்கவில்லை. கேட் பக்கம் பார்த்தபோதுதான் உறைத்தது.

குழாயடியில் வரிசை. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் கழுவுகிறார்கள். சேலையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கழுவுகிறார்கள். ஒருவர் தலையிலும் தெளித்துக்கொண்டார்.

“காலெல்லாம் மண்ணு லா” என்றார் என்னைப் பார்த்து.

மண்டபத்தில் சிமெண்டுத் தரை. வாசலிலிருந்து கேட் வரை தார். மண் எங்கே இருந்தது?

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். கால் கழுவிவிட்டுப் போவார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை... அவ்வளவுதான்.

விஜயாவும் அந்த வரிசையைப் பார்த்தாள். மாலையைச் சரிசெய்துகொண்டு பின் கதவுப் பக்கம் நடந்தாள்.

“விஜயா! அங்க போகாத!” சம்பந்தி அம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்தது. காற்று உள்ளே வந்தது. படியிறங்கி மணலில் நின்றாள். குமரேசன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார். நானும் அக்காவும் வாசலில்.

“அப்பா, போயிட்டு வரேன்பா.”

சத்தமாகத்தான் சொன்னாள். அடுத்த தெருவுக்குப் போகிறவள் மாதிரி.

எனக்கு அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. தினமும் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று வழியனுப்புவாள். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அதே வாசலில் நின்று, “போயிட்டு வாங்கப்பா!” என்று கத்தினாள். யாரோ ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார்கள். யாரென்று தெரியவில்லை. கை நிறைய வளையல். சாவு வீட்டில் அந்த வார்த்தை ஆகாதாம்.

குழந்தைக்கு அதெல்லாம் தெரியுமா? அவளுக்குத் தெரிந்த வழியனுப்பு அது ஒன்றுதான்.

இந்தத் தடவை யாரும் வாயைப் பொத்தவில்லை. சம்பந்தி அம்மா கதவு வரைக்கும் வந்துவிட்டார். கையைத் தூக்கியவர் அப்படியே இறக்கிக்கொண்டார். குமரேசனும் கடலைப் பார்த்து, “வரேன் மாமா” என்றார்.

அக்கா படியில் உட்கார்ந்தாள். கரைத்த இடத்தைக் கைகாட்டினேன்; அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கார் ஏறுகிற நேரம். சம்பந்தி அம்மா குழாயடியில் கால் கழுவினார். மகனையும் கூப்பிட்டார். குமரேசன் மணல் காலோடு காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் விஜயா. அவள் காலிலும் மணல்.

மிஞ்சிய சாப்பாட்டைப் பக்கத்து மீன்காரர்களுக்குக் கொடுத்தோம். மண்டபத்துச் சீனரும் ஒரு வாளி பாயசம் வாங்கிக்கொண்டார்.

கடலோரத்தில் மலிவாக மண்டபம் வேண்டும் என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள். இடம் காட்டுகிறேன். ஜன்னலை மட்டும் மூடாதீர்கள் — உள்ளே தாங்க முடியாது.