எல்லாக் கட்டத்திலும் சரி

கவுண்டருக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்து எதைக் கேட்டாலும், கேள்வி முடியுமுன்னே கலாதேவியின் தலை ஆடிவிடும். ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய நாளிலிருந்து அப்படித்தான். வங்கியில், நில இலாகாவில், கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கேயும் "யா, யா" தான், மலாயில் ஆமாம், ஆமாம். "இவ தலையையே வெட்டிக் குடுன்னு கேட்டாலும் யான்னுதான் சொல்லுவா," என்று கணவன் உடையப்பன் லோரி நண்பர்களிடம் கேலி செய்வான்.

மகள் தினேஸ்வரிக்கு இரண்டு வயதானபோது கிளினிக்கில் தாதி பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை விரித்து, மலாயில் வரிசையாகக் கேட்டாள். கூப்பிட்டால் திரும்புகிறாளா? வேண்டியதை விரலால் காட்டுகிறாளா? இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறாளா? ஒவ்வொன்றின் முடிவிலும், "பொலே?" முடியுமா?

முடியாது என்பது கலாதேவிக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அசையாத பிள்ளை, மிட்டாய்த் தாள் சரசரத்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வரும். அதையெல்லாம் அவள் மாதக்கணக்கில் கவனித்து வந்தாள். ஆனால் பெற்றவள் வாயாலேயே பிள்ளைக்கு முடியாது என்று சொல்வதா? சொன்னால் அப்படியே பலித்துவிடும் என்று பயந்தாள். பின்னால் நாற்காலிகளில் பாதிப் பேர் அவளைத் தெரிந்த பழைய தோட்டத்து ஆட்கள் வேறு. "பொலே" என்றாள். எல்லாக் கட்டத்திலும் சரி விழுந்தது. மூன்று வயதிலும் அதே கதை.

நான்கு வயதில், பாலர்பள்ளி ஆசிரியை பெட்ரீசியா ஒரு கடிதத்தோடு கலாதேவியின் மோட்டார் சைக்கிள் அருகில் வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்கலா. பிள்ளை என் முகத்தையே பாக்கறதில்ல. செருப்பையெல்லாம் வரிசையா அடுக்குறா, யாராச்சும் ஒண்ணை எடுத்தா சுவத்துல முட்டிக்கிறா. ஸ்கூலு போறதுக்குள்ள ஆஸ்பத்திரியில காட்டிருங்க."

"டீச்சருக்கு வேற வேலை இல்லையா?" என்றான் உடையப்பன், வீட்டில் கடிதத்தைப் பார்த்து. "எங்கப்பா அஞ்சு வயசுலதான் பேசினாராம். இப்ப அவரு வாய மூடச் சொல்லு, பாப்போம்!"

ஈப்போ ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்க எட்டு மாதம் ஆனது. தமிழ் டாக்டர், சின்ன வயதுப் பெண். பதிவுப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"ரெண்டு வயசுல பேசியிருக்கா, விரல் காட்டியிருக்கா. இப்ப ஒண்ணுமே இல்ல. வந்த பேச்சு போயிருந்தா அது வேற மாதிரி நோயா இருக்கலாம் அக்கா. மயக்க மருந்து குடுத்துத் தலைய ஸ்கேன் பண்ணணும். சரியா?"

கலாதேவியின் தலை ஆடத் தொடங்கிப் பாதியில் நின்றது. தினேஸ்வரி மேசைக்கு அடியில் டாக்டரின் செருப்பை நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ பேசுனதே இல்ல, டாக்டர்."

"புத்தகத்துல இருக்கே?"

"நான்தான் பொய் சொன்னேன். எம்புள்ளைக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரல."

அறையில் இருந்த பயிற்சித் தாதிகள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் எரிந்தது. டாக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். "முதல்லேருந்து கேக்கிறேன். பாத்ததை மட்டும் சொல்லுங்க."

முக்கால் மணி நேரம். பெரும்பாலும் இல்லை, இல்லை.

காரில் உடையப்பனிடமும் சொன்னாள். "மூணு வருசம் போச்சுடி," என்றான். கார் செமோர் ஊரைத் தாண்டியது. பிறகு, "எங்கப்பா அஞ்சு வயசுல பேசின கதைய இனி யாருகிட்டயும் சொல்லாத," என்றான்.

ஸ்கேன் தேவையில்லை என்றாகிவிட்டது. காதில் குறை இல்லை. பேச்சுப் பயிற்சி மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம். சிறப்பு வகுப்பில் சேர்க்கக் கல்வி இலாகா, சமூக நல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டையைக் கேட்கிறது. சமூக நல இலாகா நிபுணரின் கையெழுத்தைக் கேட்கிறது. நிபுணரைப் பார்க்க அடுத்த மார்ச்சில்தான் நாள். பள்ளிப் பதிவு அதற்கு முன்பே முடிந்துவிடும். தினேஸ்வரிக்கு ஆறு வயது நெருங்குகிறது. இன்னும் எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்கவில்லை.