வாய் பார்க்கும் பிள்ளைகள்

என் அக்கா சாவித்ரி டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடி டீச்சராக இருந்தாள். போன மாதம் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவள் பிள்ளைகளுக்குச் செய்த நல்லதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். தன்னைப் பற்றி அவளுக்கு அப்படி ஒரு நினைப்பு கடைசிவரை இல்லை. காரணம் முருகம்மாள்.

முருகம்மாள் காட்டு வேலைக்குப் போகிறவள். அவள் மகள் பவதாரிணிக்கு இரண்டு வயதாகியும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. விலா எலும்பு தெரியும். கடுமையான சத்துக்குறைவு என்று சொல்லி, நிலக்கடலையும் பால் பவுடரும் சேர்த்து அரைத்த பேஸ்ட் பொட்டலங்களைச் சுகாதார நிலையத்திலிருந்து அங்கன்வாடி வழியாகக் கொடுத்தார்கள். அது மருந்து மாதிரி. அந்தப் பிள்ளை மட்டுமே தின்ன வேண்டும். அக்கா இதைப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். அடுத்த முறை எடை போட்டபோது பிள்ளை கொஞ்சம்கூடத் தேறவில்லை. இன்னும் இளைத்தால் பிழைக்காது என்று அக்கா பயந்துபோனாள்.

“பேஸ்ட்டெல்லாம் எங்க போச்சு?”

“குடுத்தேனே டீச்சர். பக்கத்து வீட்டுப் பிள்ளைக வாயப் பாத்துக்கிட்டு நிக்கிதுக. அதுகளுக்கு ஒரு வாய் வைக்காம எப்பிடிக் குடுக்க? ஏங்கிப் போயிருமுல்ல. எம் பிள்ளைக்குக் கண்ணு பட்டுரும்.”

“கதை விடாத முருகம்மா. அதுக தின்னுச்சா, நீ தின்னியா?”

எடை போட வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். “அதான பாத்தேன், இப்பத்தான அவளுக்குக் கன்னம் வச்சிருக்கு” என்றாள் ஒருத்தி. முருகம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா பொட்டலங்களை அங்கன்வாடியிலேயே வைத்துக்கொண்டு தானே ஊட்டினாள். பவதாரிணியை மடியில் வைத்துப் பொட்டலத்தைப் பிரித்ததும் மற்ற பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். சிவபாண்டி என்ற பயல் கேட்கக்கூட மாட்டான். வாயை மட்டும் திறந்து வைத்திருப்பான். ஒருவர் பார்த்திருக்கத் தனியாகத் தின்னக்கூடாது என்று எங்கள் அம்மாவும் சொல்லித்தான் வளர்த்தாள். அக்கா விரல் நுனியில் தொட்டு ஒவ்வொரு வாயிலும் தடவிவிட்டுத்தான் பவதாரிணிக்கு ஊட்டுவாள். கொடுக்கிறோம் என்ற நினைவே இல்லாமல் கை போகும்; பொட்டலத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

மறுமுறையும் எடை ஏறவில்லை. நர்ஸ் ஸ்ரீஜா சாதாரணமாகத்தான் கேட்டாள்:

“டீச்சர், பொட்டலம் முழுசும் இவ வயித்துக்குத்தான போகுது?”

அக்காவுக்கு அப்போதுதான் தன் விரல் ஞாபகம் வந்தது.

மறுநாளிலிருந்து எல்லாப் பிள்ளைகள் கையிலும் சத்துமாவு உருண்டையைக் கொடுத்துவிட்டு, அவர்கள் தின்னும் நேரத்தில் பவதாரிணிக்கு ஊட்டினாள். பிள்ளை தேறியது. சுவரைப் பிடித்து நின்றது; பிறகு நடந்தது. ஊரில் அக்காவுக்கு நல்ல பெயர். “பெத்தவ தின்னுட்டா, டீச்சர்தான் காப்பாத்துனாக” என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழும் நாளெல்லாம் அக்காவுக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் எல்லாப் பெண்களும் கூடியிருந்தபோது சொல்லிவிட்டாள்.

“முருகம்மா தின்னல. அவ சொன்னது நெசம். நானும் அதையேதான் செஞ்சேன். பிள்ளை தேறாமக் கெடந்ததுக்கு நானும் காரணம்.”

“அட விடுங்க டீச்சர்” என்றாள் அன்றைக்குச் சிரித்தவள். “அவ மானம் போகக்கூடாதுன்னு நீங்க பழிய ஏத்துக்கிறீகளாக்கும். உங்க மனசு யாருக்கு வரும்!”

“நெசமாத்தான் சொல்றேன்” என்றாள் அக்கா. மற்றவர்களும் தலையை ஆட்டி அவளைப் புகழ்ந்தார்கள்.

முருகம்மாள் எழுந்தாள்.

“அன்னைக்கு நீங்க சொன்னத அம்புட்டுப் பேரும் நம்புனாக டீச்சர். இன்னைக்குத்தான் நம்ப மாட்டேங்கிறாக. நான் வாரேன்.”

பவதாரிணி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் தத்தித் தத்தி நடந்து போனாளாம். அந்த நடையைப் பார்த்துச் சந்தோஷப்படத் தனக்கு முகமில்லாமல் போய்விட்டது என்று அக்கா சொல்வாள்.