பூஜைக்குப் பிறகு வந்த கோடு

ஒரகடம் பக்கம் நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியை எனக்குப் பிடித்ததே இல்லை. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கடை அது. அதற்குள் ஒரு நிறமாலை ஆய்வகம் இருந்ததே, யாரோ விவரம் தெரியாமல் வாங்கிப்போட்ட கருவியால்தான்.

ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய சில அலைவரிசைகளை மட்டும் விழுங்கும். அவை நிறமாலையில் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளை ஆய்வகத்தில் அளந்து கொடுத்தால், தொலைநோக்கிக்காரர்கள் அதே மூலக்கூறை விண்வெளியில் தேடுவார்கள். பூமியில் ஒரு கணம்கூடத் தாங்காத கந்தக மூலக்கூறு ஒன்றை, காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுக் கலனுக்குள் மின்பொறி தெறிக்கவிட்டு உண்டாக்கி, அதன் கோட்டை இரண்டு வருடமாகத் தேடினேன். வெளிநாட்டுக் குழு ஒன்று தொலைநோக்கியில் நேரம் வாங்கிவைத்துக் காத்திருந்தது. கோடு கிடைத்தால் அங்கேயே எனக்கு வேலை. இந்த ஊர்த் தூசிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஒரு பெரிய கும்பிடு.

ஆயுத பூஜையன்று ஆய்வக உதவியாளர் வந்து கூப்பிட்டார். பல வருடம் கார் கம்பெனியில் லைனில் நின்றவர்.

“பூஜை போடப் போறோம். வந்து நில்லுங்க மேடம்.”

“பொரிகடலைக்கெல்லாம் எனக்கு நேரமில்லை” என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போனேன். படித்தவர்கள் இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விடுமுறை முடிந்து கலனை இயக்கினேன். எதிர்பார்த்த இடத்துக்கு வெகு அருகே ஒரு கோடு. அன்று மதியமே மின்னஞ்சல் அனுப்பினேன். மின்பொறியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். பொறி இல்லையென்றால் அந்த மூலக்கூறே இருக்காது. அப்படிப் பார்க்காத மாணவர்களை முட்டாள் என்று திட்டியவள் நான்.

நான்கு நாள் கழித்து அணைத்துப் பார்த்தேன். கோடு அப்படியே நின்றது.

“கலனை யாராவது தொட்டீங்களா?” என்று உதவியாளரிடம் கேட்டேன்.

“மூடியத் தொறந்து உள்ள சூடம் காட்னோம் மேடம். கம்பெனில எல்லா மிஷினையும் தொறந்துதான் காட்டுவோம். மூடிக்கினு இருந்தா சாமி எப்டி உள்ள போவும்? ஒரு கட்டி ஒடைஞ்சி உள்ள வுழுந்துது. பெரிய துண்ட எடுத்துட்டேன்.”

“என்கிட்ட சொல்ல வேண்டாமா?”

“அதுக்குத்தானே கூப்ட்டேன்? நேரமில்லன்னு போய்க்கினே இருந்தீங்க.”

சூடத்தை வைத்து அளந்தேன். அதே கோடு. அதற்குள் அந்தக் குழு தன் நேரம் முழுவதையும் நான் சொன்ன அலைவரிசையில் செலவழித்து, ஒன்றும் காணாமல் முடித்திருந்தது. கலனில் மாசு என்று மன்னிப்புக் கடிதத்தில் எழுதினேன். யாரால் என்று எழுதவில்லை. எழுதினால் என் பெயரைத்தான் எழுத வேண்டும்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். அதே கல்லூரியில்தான்.