மூலையில் எழுதிய முகவரி

நீதிமன்றத்தின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கும் பழைய கோப்புகள் அடைத்த அறைக்கும் நடுவே ஓர் உதவி மேசை இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவளின் உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலுக்குத்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் பென்சிலக்கா. வீட்டில் அடி வாங்கிய பெண்கள், 'அந்த ஆள் இனிமேல் என் பக்கமே வரக்கூடாது' என்று நீதிபதியிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்டு வரும்போது முதலில் நிற்பது அவள் மேசை முன்னால்தான். மனு எழுதிக் கொடுப்பது, கூடவே உள்ளே போய் நிற்பது, வெளியே வந்ததும் தண்ணீர் கொடுப்பது, அழுதால் அழவிடுவது, எல்லாம் அவள் வேலை. கடைசியில் ஜன்னலோரம் நின்று, எதிரே உள்ள நிறுத்தத்தில் அந்தப் பெண் பத்திரமாகப் பஸ் ஏறுகிறாளா என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு.

பென்சில் என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. எந்த மனுவையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவாள். வந்தவள் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, "இப்படித்தான் நடந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்று கேட்டு, அழித்து, மறுபடி எழுதி, அதற்குப் பிறகே பேனாவை எடுப்பாள். "பேனாவைப் பார்த்தா பயந்துடுறாங்க. பென்சில்னா அழிச்சுக்கலாம்னு தைரியமா வாயத் திறக்குறாங்க" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "பெத்த தாய்கிட்ட சொல்லாததை என்கிட்ட பத்து நிமிஷத்துல கொட்டிடுவாங்க, தெரியுமா?" என்று வீட்டுக்காரரிடம் வாரம் ஒரு தடவையாவது சொல்லிக்கொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அந்த மனுஷரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவார்.

இந்த வேலையில் ஒரு விஷயம் உயிர்போகிற விஷயம். நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவில் ஒரு நகல் அந்தக் கணவன் கைக்கும் போகும். அதுதான் சட்டம், யாரும் மாற்ற முடியாது. அதனால் மனு கொடுத்தவள் இப்போது எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று மனுவில் ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. முகவரிக் கட்டத்தில் 'நீதிமன்றம் மூலம்' என்று மட்டும் போடுவார்கள். ஆனால் அவசரத்துக்குப் பென்சிலக்காவுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக மனுவின் வலது மூலையில் லேசாகப் பென்சிலால் முகவரியைக் குறித்துக்கொள்வாள். பிறகு தன் நோட்டில் ஏற்றுவாள், பிறகு ரப்பரால் அழிப்பாள், அதற்கப்புறம்தான் ஜெராக்ஸ். நோட்டு, ரப்பர், ஜெராக்ஸ். இந்த வரிசை பதினோரு வருஷத்தில் ஒருநாளும் மாறியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாறியது.

வந்தவள் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் தைப்பவள். ஆறு வயதில் ஒரு மகள். மகளை எங்கேயோ விட்டுவிட்டு, மகளின் புத்தகப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். துணிமணி, சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான். இடது கைச் சுண்டுவிரலில் கட்டு. புருஷன் டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர், வெளியில் எல்லோருக்கும் நல்லவன்.

"இப்ப எங்கம்மா தங்கியிருக்க? மனுவுல போடமாட்டேன். எனக்கு மட்டும்தான்" என்று கேட்டாள் பென்சிலக்கா.

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள், கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள். "பதினேழாம் நம்பர், தண்ணி டேங்க் தெரு" என்றாள்.

"அவன் வாங்கிக் குடுத்த போனை ஆஃப் பண்ணி வை. அது எங்க இருக்கன்னு காட்டிக் குடுத்துடும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து முத்திரை வச்ச உத்தரவை வாங்கிக்க. சரியா?"

அவள் தலையாட்டி முடிப்பதற்குள் கிளார்க் கதவில் தலையை நீட்டினார். "மேடம், ஜட்ஜ் ஐயா ஒரு மணிக்கெல்லாம் கிளம்புறார். அவசரம்னா இப்பவே கொண்டாங்க!"

அவ்வளவுதான், பென்சிலக்காவுக்குக் காலில் சக்கரம் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. முகவரியை நோட்டில் ஏற்றினாளா, ஏற்றினாள். மனுவைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி, மூன்று நகல் எடுத்து, மூச்சு வாங்க மேலே ஓடி வந்தாள். கிளார்க்கின் மேசையில் வைக்கும்போதுதான் மூலையில் பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. அங்கேயே ரப்பரை எடுத்து அழித்தாள், தூளை ஊதினாள். நம்ம கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மனசுக்குள் ஒரு சபாஷ் வேறு போட்டுக்கொண்டாள். பத்தே நிமிஷத்தில் உத்தரவு கிடைத்தது. தையல்காரப் பெண் முதல் தடவையாக லேசாகச் சிரித்துவிட்டுப் பஸ் ஏறிப் போனாள்.

மூன்று மணிக்குப் பென்சிலக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, மறு கையால் தன் நகலைக் கோப்பில் வைக்க எடுத்தாள். வலது மூலையில் சாம்பல் நிறத்தில், மங்கலாக, ஆனால் தெளிவாக: 17, தண்ணீர் டேங்க் தெரு.

வாயில் இருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. அழித்தது அசலில். நகல்கள் அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. ஒன்று அவளிடம், ஒன்று தையல்காரப் பெண்ணிடம், மூன்றாவது அந்த ஆளுக்கு.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு கிளார்க்கிடம் ஓடினாள். உத்தரவையும் நகலையும் அந்த ஆளிடம் சேர்க்க வேண்டிய சம்மன்காரர் கவரோடு கிளம்பி முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். அவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிற உத்தமர் அவர். ஊரில் எல்லோரும் ஒரு கையில் வண்டியும் ஒரு கையில் போனுமாகப் போகிறார்கள், இவருக்குத்தானா இந்த ஒழுக்கம் வரவேண்டும்? தையல்காரப் பெண்ணுக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. அணைத்து வைக்கச் சொன்னதே இந்த மகராசிதானே!

இரண்டு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், இவள் கூப்பிட்டதும் கையில் கிரீஸோடு ஸ்கூட்டரில் வந்து நின்றார். இவர் வண்டி ஓட்டுகிற அழகை என்னவென்று சொல்வது? பக்கத்தில் சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்த்து, 'என்ன சார், பெட்ரோல் தீந்துடுச்சா' என்று விசாரிப்பான். "முப்பதுக்கு மேல போனா வண்டி ஆடும்" என்பது அவருடைய இருபது வருஷக் கொள்கை.

"டைல்ஸ் கடைக்கு விடுங்க. ஒரு உசுரு போயிடும்ங்க, சீக்கிரம்!"

அன்றைக்கு முள் ஐம்பதைத் தொட்டது. வண்டி ஆடத்தான் செய்தது.

கடை வாசலில் சம்மன்காரர் ரிஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சும்மா, கையெழுத்தும் வாங்கியாச்சு. மனுஷன் தங்கமானவரா இருக்காரு. உக்கார வச்சு ஜூஸ் குடுத்தாருன்னா பாருங்களேன்."

பென்சிலக்காவுக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தத் தங்கமானவன் உத்தரவைப் படித்து முடித்து, மனுவைப் புரட்டிக்கொண்டிருந்தான். முதல் பக்கத்தில் நிறுத்தினான். மூலையை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தான். பிறகு நிதானமாக நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, ஹெல்மெட்டை எடுத்தான்.

"என்னங்க, வண்டியத் திருப்புங்க. அவனுக்கு முன்னால போகணும்."

போகும் வழியெல்லாம் போலீஸின் பெண்கள் பிரிவுக்குப் போனில் கத்திக்கொண்டே போனாள். அவர்கள் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை. கடவுளே, அந்தக் குழந்தை அந்த வீட்டில்தானே இருக்கும் என்ற ஒரே நினைப்புதான். கதவைத் தட்டினால் ஓடிவந்து திறப்பது குழந்தைதானே? சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவனுடைய பைக் அதற்குள் தாண்டிப் போய்விட்டது.

இவர்கள் போனபோது அவன் பதினேழாம் நம்பர் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். "பாப்பா, அப்பா வந்திருக்கேன்டா. கதவத் திற" என்று குழைவாகக் கூப்பிட்டான்.

ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடிக்கத்தான் நினைத்தாள். ஆனால் வாயைத் திறந்தால் போச்சு. 'இங்கே நிற்காதே' என்று நீதிமன்றத்து ஆள் வந்து சொன்னால், அவள் இங்கேதான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி அல்லவா? பதினோரு வருஷமாகப் பேசிப் பேசியே பிழைத்தவள், எதிர்ப்பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் சமயோசிதமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நன்றாக இருக்கிற ஸ்கூட்டரைக் கழற்றுவதுபோல் நடித்தார்.

அப்போதுதான் கவனித்தாள். கேட்டில் பூட்டு தொங்கியது. வாசலெல்லாம் காய்ந்த இலை. மேலே 'வாடகைக்கு விடப்படும்' என்று ஒரு பலகை.

போலீஸ் வண்டி வந்தது. இறங்கிய பெண் போலீஸ், "யார் நீங்க? இங்க என்ன வேலை?" என்றார்.

"வீடு பாக்க வந்தேங்க. போர்டு போட்டிருக்காங்களே" என்றான் அவன், துளிக்கூடப் பதறாமல்.

பக்கத்து மாடியில் துணி உலர்த்திய அம்மாள் எட்டிப் பார்த்து, "அது மூணு மாசமா காலிங்க! யாருமே இல்ல!" என்று சத்தம் போட்டார். அவன் சிரித்து, நன்றி சொல்லி, பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போனதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்பரைத் தப்பாக எழுதிவிட்டோமோ? பக்கத்து வீடோ? எதிர் வீடோ? அவன் சாயங்காலம் திரும்பி வந்து வீடு வீடாகத் தட்டினால்? இவளும் கதவைத் தட்டிக் கேட்க முடியாது, கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். ராத்திரி கண்ணை மூடவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுவா, படு" என்றார் வீட்டுக்காரர். "வரலேன்னா?" என்றாள்.

காலையில் முதல் வேலையாக மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். எழுதிக் கொடுக்கச் சொன்னார். தன் தவறை ஒன்றுவிடாமல் நேரே பேனாவால் எழுதிக் கொடுத்தாள். விசாரணை வரும் என்றார். வரட்டும் என்று வந்துவிட்டாள்.

பத்து மணி ஆயிற்று. பத்தேகால். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஜன்னலுக்கு ஓடினாள். பத்தரை. எதிரே உட்கார்ந்திருந்த இன்னொரு பெண், "அக்கா, ஏன் இப்படி அலையுறீங்க?" என்று கேட்டே விட்டாள்.

பத்தே முக்காலுக்கு, தோளில் குழந்தையின் பையோடு தையல்காரப் பெண் உள்ளே வந்தாள். "பஸ்ஸு லேட்டுக்கா."

பென்சிலக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. "என் தப்பும்மா. உன்னையும் குழந்தையையும் நானே காட்டிக் குடுத்துட்டேன்."

அந்தப் பெண் தோளில் இருந்த பையை மடியில் இறக்கி வைத்தாள்.

"அக்கா, அந்த வீட்டுல நான் இல்லவே இல்ல. அது யார் வீடுன்னே தெரியாது. இங்க வரும்போது பஸ்ஸுல இருந்து அந்த வாடகை போர்டைப் பார்த்தேன், நம்பரும் தெருப் பேரும் அதுலயே இருந்துச்சு. நீங்க கேட்டதும் அதைச் சொல்லிட்டேன்."

"என்கிட்டயேவா பொய் சொன்ன?"

"போன தடவை வீட்டவிட்டு ஓடினப்ப என் அண்ணிகிட்ட மட்டும்தான் எங்க இருக்கேன்னு சொன்னேன். அண்ணி ரொம்ப நல்லவங்கக்கா. அண்ணன் கேட்டாருன்னு சொல்லிட்டாங்க. அண்ணன் அவர்கிட்ட சொல்லிட்டாரு." கட்டுப் போட்ட விரலை லேசாகத் தூக்கினாள். "அன்னைக்கு ஒடஞ்சது இது. கோவமாக்கா?"

வலித்தது, இல்லை என்று சொன்னால் பொய். பெற்ற தாயிடம் சொல்லாததையும் தன்னிடம் சொல்வார்கள் என்று பீற்றிக்கொண்டவள் ஆயிற்றே! ஆனால் இந்தப் பெண் மட்டும் தன்னை நம்பியிருந்தால் நேற்று என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேட்டைப் பிடித்து ஆட்டிய கை கண்முன் வந்தது. பென்சிலக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கை அடைத்தது. "கோவமா? நீ நல்லா இருக்கணும்டி" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

முத்திரை வைத்த உத்தரவைக் கொடுத்து, எப்போதும் கையிலேயே வைத்திருக்கச் சொன்னாள். மறு விசாரணைத் தேதியை இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பார்த்துப் போம்மா. எந்தப் பக்கம் போகணும்?"

பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. தையல்காரப் பெண் பதில் சொல்லாமல் அவளையே பார்த்தாள்.

"சொல்லாத" என்றாள் பென்சிலக்கா அவசரமாக. "நானே கேட்டாலும் சொல்லாத."

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் போனால் எந்தப் பஸ்ஸில் ஏறுகிறாள் என்று தெரிந்துவிடும். பென்சிலக்கா நாற்காலியை ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.